பயிர் காட்டும் வரப்பு

மண்ணில் ஒருமுறை வெட்டிய பள்ளத்தை மூடிவிடலாம். ஆனால் வெட்டப்படாத நிலமாக அதை மீண்டும் ஆக்கிவிட முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் தம் வயலுக்கு எல்லையாகத் தோண்டிய பள்ளம், கரை சரிந்தும் மழை அடித்துவந்த வண்டல் படிந்தும் தூர்ந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக ஏர் ஓடி மட்டமாகி, அதன்மேல் நடப்பவர் கண்ணுக்கு எந்த அடையாளமும் இல்லாமல் மறைந்துபோகலாம். என்றாலும் அந்தப் பள்ளத்தை நிரப்பிய மண், சுற்றியுள்ள மண்ணைவிட ஆழமாகவும் இளகியும் ஈரத்தைக் கூடுதலாகத் தேக்கியும் இருப்பதால், அங்கே விளையும் பயிரில் அந்த வேறுபாடு தெரிந்துவிடுகிறது. வறட்சியான கோடையொன்றில் இங்கிலாந்தின் பார்லி வயல்களின் மேல் சிறு விமானத்தில் பறப்பவர், வெளுத்துவரும் கதிர்களுக்கு நடுவே கரும்பச்சைக் கோடுகளாக, இன்றைய வேலிகளோடு சற்றும் பொருந்தாத வேறொரு வயல் அமைப்பைக் காண முடியும். மண்ணுக்குள் இருப்பதைப் பயிர் இவ்வாறு மேலே வரைந்துகாட்டுவதையே தொல்லியலார் பயிர்த்தடம் என்கின்றனர். கோட்டைகளும் கல்லறைகளும் பெற்ற கவனத்தை நெடுங்காலம் பெறாதிருந்த பழைய வரப்புகள் ஆய்வுப்பொருளாக மாறியதற்கு, இந்தத் தடங்களை வானிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டதே முதற்காரணம்.

தடம் தோன்றும் முறை எளியது. இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் சுண்ணப்பாறையின் மேலோ ஆற்றுச் சரளையின் மேலோ அமைந்த விளைநிலங்களில், ஏர் எட்டும் மேல்மண் பெரும்பாலும் ஒரு சாண் முதல் ஓரடி ஆழமே இருக்கும். அதற்குக் கீழே உள்ளது நீரைப் பிடித்துவைக்காத கெட்டி நிலம். அந்த நிலத்தை வெட்டி ஒரு மீட்டர் ஆழத்துக்கு எல்லைப்பள்ளம் எடுத்திருந்தால், அது தூர்ந்தபின் அந்த ஒரு கீற்றில் மட்டும் மக்கு நிறைந்த மண் ஆழமாக அமைந்துவிடும். கோதுமை, பார்லி ஆகியவற்றின் வேர்கள் ஒரு மீட்டருக்கும் கீழே செல்ல வல்லவை என்பதால், மழை பொய்த்து, பயிர் உறிஞ்சும் நீரை மழையால் ஈடுசெய்ய முடியாத ஈரப் பற்றாக்குறை ஏற்படும் வாரங்களில், பள்ளத்தின்மேல் நிற்கும் பயிர் நன்கு தூர்கட்டி, உயர்ந்து, பச்சை மாறாமல் நிற்க, பக்கத்துப் பயிர் முன்கூட்டியே வெளுத்துப் பழுக்கிறது. புதைந்திருப்பது பள்ளமாக இல்லாமல் சுவராகவோ கல் பாவிய பாதையாகவோ இருந்தால் நிலைமை தலைகீழாகும். வேர் இறங்க இடமில்லாத பயிர் மெலிந்து, குட்டையாகி, மற்றவற்றுக்கு முன்பே காய்ந்துவிடும்.

ஆகவே பயிர்த்தடம் எல்லா ஆண்டிலும் தெரிவதில்லை; தெரியும் ஆண்டிலும் சில வாரங்களே நிலைக்கிறது. பார்லி மிக நுட்பமாகக் காட்டும். கோதுமையும் நன்றாகக் காட்டும். புல்வெளியோ கடும் வறட்சியில் மட்டுமே வாய்திறக்கும். 1949, 1976, 1995, 2018 ஆகிய ஆண்டுகளின் வறண்ட கோடைகள் பிரிட்டிஷ் உழவர்களுக்கு நட்டத்தையும் வான்தொல்லியலாருக்குப் பெரும் அறுவடையையும் தந்தன என்பது இத்துறையின் சங்கடமான உண்மை.

வானூர்தி வருவதற்கு முன்பே இது கவனிக்கப்பட்டிருந்தது. காம்டன் என்ற அறிஞர் 16ஆம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கிய ‘பிரிட்டானியா’ என்னும் நூலில், கென்ட் பகுதியிலுள்ள ரிச்பரோ என்ற உரோமானியத் தலத்தில், பழைய தெருக்கள் ஓடிய இடங்களில் பயிர் மெலிந்து குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிவதையும், ஊரார் அதற்குப் புனித அகஸ்தீனின் சிலுவை என்று பெயர் வைத்திருந்ததையும் பதிவு செய்துள்ளார். 1719இல் வில்லியம் ஸ்டூக்லி, கிரேட் செஸ்டர்ஃபோர்டு என்ற ஊரில் கோயில் ஒன்றின் தரைத்திட்டம் பயிரில் தெரிவதைக் கண்டார். நிலத்தோடு வாழ்ந்தவர்களுக்குத் தங்கள் வயலில் ஓரிடம் வேறுவிதமாக விளைகிறது என்பது தெரிந்தே இருந்தது. அந்தத் தனித்தனிக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து என்ன உருவம் கொள்கின்றன என்பதைத் தரையில் நின்று காண இயலவில்லை என்பதே குறை.

அக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு (1886–1957). முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வான்படையில் நோக்கராகப் பணிபுரிந்து, எதிரியின் பதுங்குகுழிகளை மேலிருந்து படிக்கப் பழகிய இவர், 1920இல் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் தொல்லியல் அலுவலராக அமர்த்தப்பட்டார். 1922இல் ஹாம்ப்ஷயர் பகுதியின் மேல் வான்படையினர் பயிற்சிக்காக எடுத்திருந்த ஒளிப்படங்கள் அவர் பார்வைக்கு வந்தன. அவற்றில் சுண்ணப்பாறைக் குன்றுகளின் சரிவுகளெங்கும் சிறுசிறு சதுரங்களாக வயல்களின் எல்லைகள் விரிந்துகிடந்தன. மறு ஆண்டே அவர் இதைப் புவியியல் கழகத்தில் உரையாக நிகழ்த்தி, 1924இல் நூலாகவும் வெளியிட்டார். பூனை கம்பளத்தின்மேல் நடக்கும்போது அதன் கண்ணுக்கு நூல்களின் குழப்பமே தெரியும், நின்று பார்க்கும் மனிதருக்கே பின்னல் வடிவம் புலப்படும் என்று அவர் படம் வரைந்து விளக்கினார். வாசலில் இட்ட கோலத்தின் குறுக்கே ஊரும் எறும்பை நினைத்துக்கொள்ளும் தமிழ் வாசகருக்கு அந்த விளக்கம் இன்னும் எளிதாக விளங்கும்.

கிராஃபோர்டு கண்டவற்றுள் பல, பயிரின் நிறத்தால் அன்றி நிழலால் தெரிந்தவை. சரிவான நிலத்தை ஆண்டுதோறும் உழும்போது இளகிய மண் சிறிது சிறிதாகக் கீழிறங்கி, வயலின் கீழெல்லையில் வேலியோ கல்வரிசையோ இருந்தால் அங்கே தங்கித் திட்டாகிறது. மேலெல்லையில் மண் குறைந்து படி போல் தாழ்கிறது. நூற்றாண்டுகள் இவ்வாறு உழுதால் ஒரு ஆள் உயரத்துக்கும் மேட்டுப்படி அமைந்துவிடும். ஆங்கிலத்தில் லிஞ்செட் எனப்படும் இந்த உழவுத்திட்டுகள் யாரும் திட்டமிட்டுக் கட்டியவை அல்ல; உழவு தானாக ஈட்டிவைத்தவை. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் இவற்றின் நிழல் நீண்டு விழும்போது மேலிருந்து பார்ப்பவருக்கு முழு வயலும் பிடிபடுகிறது. அந்தத் திட்டுகளையும் ஏர் கரைத்து மட்டமாக்கிய இடங்களில் உழுத மண்ணின் நிறவேறுபாடு கைகொடுக்கிறது. அதுவும் மங்கிய இடத்தில் பயிர்த்தடம் எஞ்சுகிறது. ஒரே வரப்பு தன் அழிவின் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு முறையில் தென்படுகிறது என்று இதைக் கொள்வது பொருந்தும்.

இவ்வயல்கள் சிறியவை, பெரும்பாலும் அரை ஏக்கர் முதல் ஓர் ஏக்கருக்குச் சற்று மேல்வரை பரப்புடையவை, நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒத்தவை. இந்தச் சதுரத்தன்மைக்கு அவற்றை உழுத கருவியோடு தொடர்புண்டு. அக்காலத்துக் கலப்பை மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டாது. ஆகவே ஒருமுறை நெடுக்காகவும் மறுமுறை குறுக்காகவும் உழுதால்தான் நிலம் பக்குவப்படும். நாட்டுக் கலப்பையால் குறுக்குச்சாலும் நெடுக்குச்சாலும் ஓட்டிய பழக்கம் நினைவிலிருக்கும் தமிழ்நாட்டு உழவருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: இரு திசையிலும் உழ வேண்டிய வயல் இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருப்பதே வசதி. ஏவ்பரிக்கு அருகில் சவுத் ஸ்ட்ரீட் என்ற இடத்திலுள்ள நெடிய ஈமமேட்டை 1960களில் அகழ்ந்தபோது, அதன் அடியில் மூடப்பட்டிருந்த புதிய கற்கால நிலப்பரப்பில் இத்தகைய குறுக்கு நெடுக்குச் சால்கள் சுண்ணப்பாறையில் கீறல்களாகவே கிடைத்தன. மேடு எழுப்பப்பட்டதால் அதன்கீழ் அகப்பட்ட உழவு அப்படியே காக்கப்பட்டிருந்தது.

இடைக்காலத்தில் மண்ணைப் புரட்டிப்போடும் கனத்த கலப்பை பரவியபோது வயலின் வடிவமும் மாறியது. எட்டு எருதுகள் வரை பூட்டிய அந்த ஏரை அடிக்கடி திருப்புவது பெரும்பாடு என்பதால் வயல்கள் நீண்ட கீற்றுகளாயின. ஒரே போக்கில் மண்ணை நடுவை நோக்கிப் புரட்டியதால் ஒவ்வொரு கீற்றும் முதுகு போல் உயர, இடையே வாய்க்கால் போல் தாழ்வு ஏற்பட்டது. எருதுவரிசையைத் திருப்புவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைக்க வேண்டியிருந்ததால், கீற்றின் இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் வளைவைப் பெற்றன. இன்றும் பயிர்த்தடத்தில் அந்த வளைவைக் கண்டால் அது எருது உழுத இடைக்கால வயல் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுச் சாலையோரக் கற்களில் ஒருகாலத்தில் பொறிக்கப்பட்டிருந்த ஃபர்லாங் என்ற அளவு, ஏர் திரும்பாமல் ஒரே மூச்சில் ஓடும் சாலின் நீளத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. 660 அடி என்று அது பின்னர் நிலைபெற்றது.

கிராஃபோர்டு தாம் கண்ட சதுர வயல்களுக்குக் கெல்டிக் வயல்கள் என்று பெயரிட்டார். இடைக்காலச் சாக்சன் மக்களின் கீற்றுகளுக்கு முந்தியவை, ஆகவே அம்மக்களுக்கு முன் வாழ்ந்த கெல்டியருடையவை என்பது அன்றைய எண்ணம். பின்வந்த அகழாய்வுகள் அவற்றுள் பல வெண்கலக் காலத்திலேயே, அதாவது கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் வகுக்கப்பட்டவை என்றும், சில உரோமானியர் ஆட்சியின்போது புதிதாக வகுக்கப்பட்டவை என்றும் காட்டிவிட்டன. இரு முனையிலும் தவறிய பெயர் அது. இருந்தும் பாடநூல்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் இனத்தின் பெயரை வரப்பின்மேல் எழுதிவைப்பது எளிது, அழிப்பது கடினம் போலும்.

கண்டதைத் தரையில் சோதிக்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து புறப்படும் பழம்பாதையின் இருபக்கப் பள்ளங்களும் உழவில் மறைந்திருந்த நிலையில், 1921இல் எடுக்கப்பட்ட வான்படங்களில் அவற்றை இணைகோடுகளாக அடையாளம் கண்ட கிராஃபோர்டு, 1923இல் அந்த இடங்களில் குழி வெட்டிப் பள்ளங்கள் உண்மையில் இருப்பதை உறுதிசெய்தார். 1924இல் அலெக்சாண்டர் கெய்லருடன் சேர்ந்து இதற்கென்றே விமானம் அமர்த்தி எடுத்த படங்கள் 1928இல் ‘வானிலிருந்து வெசெக்ஸ்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. 1930களில் மேஜர் ஆலன் தம் சொந்த விமானத்தில் ஆக்ஸ்ஃபோர்டு சுற்றுப்புறத்தின் ஆற்றுச் சரளை நிலங்களைப் படமெடுத்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செயின்ட் ஜோசஃப் பெரும் படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். சரளை நிலங்களே பயிர்த்தடத்துக்கு மிகவும் ஏற்றவை; கட்டுமானத்துக்காக மிகுதியாக அள்ளப்படுபவையும் அவையே. அள்ளப்படுமுன் அவற்றில் எவ்வளவு தடங்கள் இருக்கின்றன என்று 1960இல் அரசின் நினைவுச்சின்ன ஆணையம் வெளியிட்ட அறிக்கை பலரைத் திடுக்கிடவைத்தது.

வரப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், டெரிக் ரைலியின் பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. போர்க்காலத்தில் வான்படை விமானியாக இருந்தபோதே பயிர்த்தடங்களைக் குறித்துவைத்து எழுதிய இவர், 1970களில் தெற்கு யார்க்‌ஷயர், வடக்கு நாட்டிங்காம்ஷயர் பகுதிகளின் மணற்பாறை நிலத்தின்மேல் மீண்டும் மீண்டும் பறந்து, அதுவரை எவரும் எதிர்பாராத ஒன்றை வெளிக்கொணர்ந்தார். நீண்ட எல்லைப்பள்ளங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாகப் பல கிலோமீட்டர் ஓட, அவற்றிடையே குறுக்குப் பள்ளங்கள் ஒன்றின் நேரே மற்றொன்று வராதபடி விலகி விலகி அமைந்திருந்தன. செங்கற்சுவரில் ஒரு வரியின் இணைப்பின்மேல் அடுத்த வரியின் செங்கல் அமர்வது போன்ற தோற்றம். ஆகவே 1980இல் வெளியான தம் நூலில் அவர் இவற்றைச் செங்கல்வரிசை வயல்கள் என்று வகைப்படுத்தினார். இரும்புக் காலத்தின் இறுதியையும் உரோமானியர் காலத்தையும் சேர்ந்தவை இவை. சிறு வயல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் இப்படி அமையாது. நெடுங்கோடுகளை முதலில் பிடித்துவிட்டு உள்ளே பங்கிட்டிருக்கிறார்கள். அதை முடிவு செய்தது யார், ஒரு தலைவரா, ஊர்க்கூட்டமா, அரசா என்பதற்குப் பயிர் விடை சொல்லாது.

படத்தில் தெரிவதை நிலப்படமாக்குவதிலும் நுட்பம் உண்டு. விமானச் சன்னல் வழியே சாய்வாக எடுக்கப்படும் படத்தில் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் விழும். ஆகவே சாலைச் சந்திப்பு, வேலி மூலை போன்ற அசையாத புள்ளிகளை நிலப்படத்தில் உள்ள அதே புள்ளிகளோடு பொருத்தி, கணினியால் நேராக்கிய பின்பே கோடுகளை வரைய முடியும். ஓர் ஆண்டில் ஒரு வயலின் பாதியும், பத்தாண்டு கழித்து வேறு பயிர் இட்டபோது மறுபாதியும் தெரியலாம் என்பதால், பல பத்தாண்டுகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் பரந்த பகுதிகளுக்கு இந்த வேலை தேசிய அளவிலான திட்டமாகவே நடந்துவருகிறது.

பயிரில் தெரியும் கோடெல்லாம் பழைய வரப்பு அல்ல என்பதை இவ்வேலை செய்வோர் முதலில் கற்றுக்கொள்கின்றனர். பனியுகத்தில் உறைந்து வெடித்த நிலத்தின் பிளவுகளில் பின்னர் மண் நிரம்பி, பலகோண வலைகளாகப் பயிரில் தெரிகின்றன. அனுபவமில்லாத கண் அவற்றைச் சிறு வயல்கள் என்று எண்ணிவிடும். குடிநீர், எரிவாயுக் குழாய்கள் புதைத்த தடம், வடிகால் வரிசை, போர்க்காலத்து முகாம், டிராக்டர் சக்கரத்தடம், உரம் தூவும்போது விட்டுப்போன கீற்று ஆகிய யாவும் கோடுகளே. பழைய எல்லை என்று ஏற்க, அது ஓரிடத்தில் வாயிலுக்காக விடுபட்டிருப்பது, மற்றொரு கோட்டோடு முறையாகச் சந்திப்பது, நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இசைந்து வளைவது போன்ற மனிதச் செயலின் குணங்களைத் தேட வேண்டும்.

தடம் தெரியாத இடத்தில் வயல் இருந்ததில்லை என்று கொள்வதும் அதே அளவு பிழையாகும். கெட்டியான களிமண் நிலம் ஈரத்தை எளிதில் விடாது என்பதால் அங்கே பயிர்த்தடம் அரிதாகவே தோன்றும். அதை வைத்துக்கொண்டு பழங்காலத்தார் களிமண் நிலங்களை ஒதுக்கிவிட்டனர் என்று வரலாறு எழுதியவர்கள் உண்டு. 1990களின் வறண்ட கோடைகளில் அந்த நிலங்களின் மேலும் பொறுமையாகப் பறந்தபோது அங்கும் குடியிருப்புகளும் எல்லைகளும் தென்பட்டன. மக்கள் பரவலைக் காட்டுவதாக நம்பப்பட்ட நிலப்படங்கள், பெருமளவு மண்வகையின் பரவலையே காட்டியிருக்கின்றன.

வானிலிருந்து எதுவுமே தெரியாத வயல்களும் உண்டு. அயர்லாந்தின் மேயோ மாவட்டக் கடற்கரையில் 1930களில் பாட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர், அடுப்பெரிப்பதற்காகப் பீட் எனப்படும் சதுப்பு மட்கை வெட்டும்போது, அதன் அடியில் வரிசையாகக் கற்கள் கிடப்பதைக் கவனித்தார். மட்கு அவற்றின்மேல் வளர்ந்திருக்கிறது என்றால் கற்கள் மட்கைவிடப் பழையவை என்பது அவர் ஊகம். தொல்லியல் பயின்ற அவர் மகன் சீமஸ், 1970களில் நீண்ட இரும்புக்கம்பியை மட்குக்குள் இறக்கி, அது எங்கே சீக்கிரம் கல்லில் முட்டுகிறது, எங்கே ஆழமாக இறங்குகிறது என்பதைக் குறித்துக் குறித்தே பல சதுர கிலோமீட்டர் பரப்பில் கற்சுவர்களால் பிரிக்கப்பட்ட வயல்களை வரைந்தெடுத்தார். சேய்ட் வயல்கள் என்று பெயர்பெற்ற அவை ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய புதிய கற்காலத்தவை என்பது பெரும்பாலோர் கருத்து. அவ்வளவு பழையவை அல்ல, வெண்கலக் காலத்தவை என்று அண்மையில் மறுத்தோரும் உளர்.

இங்கேதான் இத்துறையின் கடினமான கேள்வி எழுகிறது. பயிர்த்தடம் எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. காலத்தை அறிய ஒரு வழி, எந்தக் கோடு எதை வெட்டுகிறது என்று பார்ப்பது. புதிய ரயில் பாதையோ நான்குவழிச் சாலையோ வயல்களின் குறுக்கே சாய்வாகப் போடப்படும்போது, வரப்புகளின் போக்கு மாறாமல், ஓரங்களில் பயன்படாத முக்கோணத் துண்டுகள் மிஞ்சுவதை எவரும் கண்டிருக்கலாம். வயல் முந்தியது, பாதை பிந்தியது என்பதற்கு அந்த முக்கோணங்களே சாட்சி. கிழக்கு இங்கிலாந்தின் ஸ்கோல், டிக்கிள்பரோ ஊர்களைச் சுற்றி இன்றும் வழக்கிலுள்ள வேலிகள் ஒரே போக்கில் அமைந்திருக்க, உரோமானியச் சாலை ஒன்று அவற்றைச் சாய்வாக வெட்டிச் செல்வதைக் கொண்டு, அவ்வயலமைப்பு உரோமானியருக்கு முந்தியது என்று 1987இல் டாம் வில்லியம்சன் வாதிட்டார். வேலிகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, பார்ப்பவரே அவற்றை ஒரே அமைப்பாகச் சேர்த்துவிடுகிறார் என்று எதிர்வாதமும் எழுந்தது. இத்தகைய வழக்குகளில் ஆவணங்களும் சிலவேளை துணைநிற்கின்றன. சாக்சன் காலக் கொடைச் சாசனங்கள், எல்லையை நடந்து காட்டுவது போலவே, பழைய பள்ளம், உழவுத்திட்டு, மரம், ஓடை என்று வரிசையாகச் சொல்லிச் செல்கின்றன. பிடியானையை நடத்தி எல்லை வகுத்த செய்தியைச் சோழர் செப்பேடுகளில் படித்த தமிழ் வாசகருக்கு இந்த நடை அந்நியமாகத் தோன்றாது.

மண்ணைத் தொடாமலேயே மண்ணுக்குள் பார்க்கும் கருவிகளும் இடையில் வந்துசேர்ந்தன. ஈரமான பள்ளம் மின்சாரத்தை எளிதில் கடத்தும், சுவர் தடுக்கும் என்ற அடிப்படையில் ரிச்சர்டு அட்கின்சன் 1946இல் தேம்ஸ் கரையிலுள்ள டார்செஸ்டரில் மின்தடை அளவீட்டைப் பயன்படுத்தினார். 1958இல் மார்ட்டின் எய்ட்கன் வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில் காந்தமானியைக் கொண்டு புதைந்த சூளைகளைக் கண்டறிந்தார். மேல்மண்ணின் இரும்புச் சேர்மங்கள் தீயாலும் நுண்ணுயிர்களாலும் காந்தத்தன்மை கூடப்பெற்றவை என்பதால், அம்மண் நிரம்பிய பள்ளம், ஏறத்தாழ 50,000 நானோடெஸ்லா அளவுள்ள புவிக்காந்தப் புலத்தின்மேல் சில நானோடெஸ்லா அளவே வேறுபாட்டை உண்டாக்கும். இன்றைய கருவிக்கு அதுவே போதும். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைச் செலுத்தித் தரையின் உயரத்தை அளக்கும் லைடார், மரங்களின் அடியிலும் ஒரு சாண் உயரத் திட்டைப் பிடித்துவிடும். முற்றிலும் மட்டமாகிவிட்ட வரப்பு மட்டும் அதற்குத் தெரியாது. அங்கே பழையபடி பயிரைத்தான் கேட்க வேண்டும்.

இறுதியில் குழி வெட்டாமல் தீராது. எல்லைப்பள்ளத்தின் குறுக்கே வெட்டி அதன் அடுக்குகளைப் படிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஏனெனில் குடியிருப்பிலிருந்து தொலைவிலுள்ள வயல் பள்ளத்தில் பானை ஓடுகள் அரிதாகவே விழுகின்றன. நத்தை ஓடுகளும் மகரந்தமும் அக்காலத்தில் சுற்றிலும் இருந்தது புல்லா, பயிரா, காடா என்பதைச் சொல்கின்றன. மணல் துகள் கடைசியாக வெயில் பட்ட காலத்தை ஒளிர்வுமுறை கணிக்கிறது. பீட்டர்பரோ அருகே ஃபென்கேட்டில் 1970களில் ஃபிரான்சிஸ் பிரையர் நடத்திய அகழாய்வு, இத்தகைய நுண்ணிய வாசிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வெண்கலக் காலப் பள்ளங்களால் சூழப்பட்ட வயல்களும், அவற்றிடையே சதுப்பு நிலத்தை நோக்கி இறங்கும் இருகரைப் பாதைகளும் வெளிப்பட்டன. வயல்களின் வாயில்கள் பக்கத்தின் நடுவில் இல்லாமல் மூலைகளில் இருந்தன. பின்னாளில் தாமே செம்மறியாடு வளர்த்த பிரையருக்கு அதன் பொருள் புரிந்தது: மந்தையை மூலைக்கு நெருக்கி வாயில் வழியே செலுத்துவது எளிது, நேர்ச்சுவரின் நடுவிலுள்ள வாயிலில் ஆடுகள் இருபுறமும் சிதறும். கோடையில் வடிந்த சதுப்பில் மேய்த்து, மாரியில் மேட்டுக்கு ஓட்டிவரும் மந்தைப்பாதைகளே அந்த இருகரைப் பாதைகள் என்றும், வயல்கள் தானியத்துக்கு என்பதைவிடக் கால்நடைக்கென வகுக்கப்பட்டவை என்றும் அவர் கொண்டார். வயல் என்றாலே கதிர் என்று எண்ணும் பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு.

போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் டிராக்டர் உழவு குன்றுப்புல்வெளிகளிலும் ஏறியபோது, கிராஃபோர்டின் படங்களில் நிழல் விழுத்திய உழவுத்திட்டுகள் பல கரைந்து போயின. அந்த ஏரே அவ்விடங்களில் பயிரையும் கொண்டுவந்து, மறைந்த வரப்பைப் பயிர்த்தடமாகக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு உழவும் பள்ளத்தின் மேற்பகுதியிலிருந்து சிறிது மண்ணை எடுத்துக்கொண்டே இருப்பதால், ஆழம் குறைந்த பள்ளங்கள் ஒருநாள் முழுதும் தீர்ந்துவிடும். அதன்பின் எந்த வறட்சியும் அவற்றைக் காட்டாது. 2018இன் கோடையில் இங்கிலாந்தெங்கும் வான்நோக்கர்கள் விரைந்து படமெடுத்ததற்கும், அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் அருகே ட்ரோன் வைத்திருந்த ஆர்வலர்கள் அதுவரை அறியப்படாத பெரும் வட்ட அமைப்பொன்றைக் கண்டு உலகுக்கு அறிவித்ததற்கும் பின்னணியில் இந்த அவசரம் இருந்தது.

வெட்டிய பள்ளம் எவ்வளவு காலத்தில், எந்த முறையில் தூர்கிறது என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்தே பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், இங்கிலாந்தில் பழைய வயல்கள் நிறைந்த ஓவர்டன் குன்றில் 1960இல் தொல்லியலாரும் இயற்கை அறிவியலாரும் சேர்ந்து ஒரு பள்ளத்தை வெட்டி, எடுத்த மண்ணைக் கொண்டு பக்கத்தில் கரை அமைத்தனர். அதை 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு மட்டும் வெட்டிப் பார்ப்பது என்பது ஏற்பாடு. முதல் சில ஆண்டுகளிலேயே உறைபனியால் சுண்ணப்பாறைச் சுவர்கள் உதிர்ந்து அடிப்பகுதி வேகமாக நிரம்பியதையும், பின்னர் புல் படர்ந்ததும் அந்த வேகம் தணிந்ததையும் முந்திய வெட்டுகள் காட்டியுள்ளன. கடைசித் துண்டு 2088இல் வெட்டப்பட வேண்டும்.